எந்த மூன்று இடங்கள்? லண்டன் தெரு ஒன்றில் எழுதப்பட்ட தரிப்பிடத் தண்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனில் வீட்டு வாசலில் கார் விடுவதற்குக் கவுன்சிலுக்கு வருடாவருடம் பெர்மிட் காசு கட்டுகிறோம். கட்டினால் கிடைப்பது, அந்த வலயத்துக்குள் இடம் அகப்பட்டால் விடலாம் என்ற அனுமதி மட்டுமே. வாசல் நமக்குச் சொந்தமாவதில்லை. அயல்வீட்டுக்காரர் கூரையை உயர்த்தி அறை கட்டுகிறார், லொறி நிற்க இடம் வேண்டும் என்றால், அவருடைய ஒப்பந்தக்காரர் கவுன்சிலுக்கு விண்ணப்பித்து, நாளுக்கு இவ்வளவு என்று காசு கட்டி, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். விளக்குக் கம்பத்தில் மஞ்சள் அறிவித்தல் ஒன்று ஏறும். குறித்த நாள் விடிந்ததும் அந்த இடம் ‘இடைநிறுத்தப்பட்ட தரிப்பிடம்’. அங்கே நிற்கிற காரின் முன்கண்ணாடியில் டிக்கெட் ஒட்டப்படும். ஒப்பந்தக்காரரிடமும் காசு, கார்க்காரரிடமும் காசு. கவுன்சிலுக்கு இரண்டு பக்கத்தாலும் வரவுதான்.

அப்படி ஒரு டிக்கெட்டின் கதை இது. 2025 கோடையில், லண்டன் பரோ (உள்ளூராட்சிப் பிரிவு) ஒன்றில் எழுதப்பட்டது. பரோவின் பெயரும் தெருவின் பெயரும் இங்கே வராது. நான் சட்டத்தரணி இல்லை. ஊர்ச் சங்கத்தில் ஆங்கிலப் படிவங்களோடு வருகிற ஆட்களுக்கு எழுதிக் கொடுக்கிறவன். தரிப்பிடத் தண்டம் அங்கே அடிக்கடி வரும். ஆனால் இடைநிறுத்தப்பட்ட தரிப்பிடத்துக்கான குறியீடு 21 வரும்போது முக்கால்வாசிப் பேர் தவறான கடிதத்தை எழுதி, அதற்குத் தகுந்த பதிலை வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். இவர்களும் அப்படித்தான் வந்தார்கள்.

நடந்தது

காரின் சொந்தக்காரர்கள் நடுவயதைத் தாண்டிய தம்பதி. நேரில் கூப்பிடுகிற மாதிரியே இங்கேயும் அண்ணை, அக்கா என்று குறிப்பிடுகிறேன். வரிசை வீடுகள் உள்ள தெரு. ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம். அவர்களுடைய வீடு 33. வீடுகளுக்கு முன்னால் தெரு நீளத்துக்கும் ஒரே தரிப்பிடம், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வெள்ளைக் கோடு. நடுவில் கார் காராகப் பிரித்துக் கோடு எதுவும் போடப்படவில்லை. இந்த விவரம் பிறகு பெரிதாகும்.

ஓகஸ்ட் மாதம் அக்காவின் தங்கை மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணம். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அண்ணை காரை 33இன் முன்னால் விட்டார். அப்போது கம்பத்தில் எந்த அறிவித்தலும் இல்லை. இரண்டு பேரும் போய்விட்டார்கள், வீட்டில் ஆள் இல்லை. அவர்கள் போன மறுகிழமை வியாழக்கிழமை அறிவித்தல் ஏறியதாகக் கவுன்சிலின் பதிவு சொல்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை இடைநிறுத்தம் தொடங்கியது. அன்று காலையே டிக்கெட் எழுதப்பட்டது. நல்லவேளையாகக் காரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இடைநிறுத்தப்பட்ட இடங்களிலிருந்து தூக்குவதும், பக்கத்துத் தெருவுக்கு நகர்த்தி வைப்பதும் லண்டனில் சாதாரணம்.

அவர்கள் திரும்பி வந்தபோது, அரைவிலையில் கட்டக்கூடிய 14 நாள் கடந்துவிட்டது. அறிவித்தலையும் கழற்றிவிட்டார்கள். காரின் கண்ணாடியில் மழையில் நனைந்து காய்ந்த பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தது. லண்டனில் தண்டத் தொகை 2025 ஏப்ரலில் கூட்டப்பட்டது. இந்தத் தெரு தண்டம் கூடிய ஏ பட்டைக்குள் வருகிறது, குறியீடு 21 உயர்ந்த வகை, ஆகவே 160 பவுண். பதினான்கு நாளுக்குள் என்றால் 80.

அண்ணை அன்றிரவே கவுன்சிலின் இணையப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டார். என்னிடம் வரும்போது பதிலும் கையில் இருந்தது.

“தம்பி, பெர்மிட் இருக்கு, காசு கட்டியிருக்கு, என்ரை வாசல்லைதான் நிண்டது. பிறகென்னத்துக்குத் தண்டம்?”

அக்காவுக்கு இதில் நாட்டமில்லை. “விடுங்கோ தம்பி, கட்டிப்போட்டு நிம்மதியாய் இருப்பம். உவர் கதைச்சுக் கதைச்சு அது 240 ஆகும்.”

அக்கா சொன்ன 240 சும்மா சொன்ன எண் இல்லை. காலக்கெடுவுக்குள் கட்டாமலும் முறையிடாமலும் விட்டால், தண்டம் ஒன்றரை மடங்காகும். அதற்கும் கட்டாவிட்டால் நோர்த்தாம்ப்டனில் உள்ள அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகி, பிறகு கடன் அறவிடும் அதிகாரிகள் (பெய்லிஃப்) வாசலுக்கு வருவார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அது கடிதங்களைத் திறக்காமல் வைக்கிறவர்களுக்கு நடக்கிறது. முறைப்படி முறையிட்டுத் தோற்கிறவர் கட்டுவது 160தான்.

பெர்மிட்டும் கலியாணமும்

அண்ணையின் முதல் கடிதத்தில் நான்கு விடயங்கள் இருந்தன. பெர்மிட் செல்லுபடியாகும். அவர் கனடாவில் இருந்தார். அவர் இருபது வருடமாக அந்தத் தெருவில் வசிக்கிறார். இதற்கு முன் ஒரு டிக்கெட்டும் வாங்கியதில்லை. விமானச் சீட்டையும் இணைத்திருந்தார். நல்ல மனிதர் என்று நிரூபிக்கிற கடிதம் அது. தண்டம் பிழை என்று அதில் ஒரு வரியும் இல்லை.

பெர்மிட் இங்கே உதவாது. இடைநிறுத்தம் என்றால் அந்த இடத்தில் பெர்மிட்டின் வலு அந்த நாட்களுக்கு நின்றுபோகிறது. பெர்மிட் இல்லாமல் விட்டதற்கு வேறு குறியீடு இருக்கிறது. குறியீடு 21 கேட்பது ஒன்றைத்தான்: கார், முழுதாகவோ பகுதியாகவோ, இடைநிறுத்தப்பட்ட இடத்துக்குள் நின்றதா?

ஊரில் இல்லை என்பதும் பெரிதாக எடுபடாது. நீண்ட நாள் போகிறவர் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பதே வழக்கமான பதில். பல கவுன்சில்கள் பெர்மிட் நிபந்தனைகளிலேயே, வாகனத்தை அடிக்கடி போய்ப் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கின்றன. மேன்முறையீட்டைக் கேட்கிற தீர்ப்பாளருக்கு இரக்கம் வந்தாலும், அந்த இரக்கத்தின் பேரில் தண்டத்தை நீக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. கட்டாயமான காரணங்கள் இருக்கின்றன, மறுபடி யோசியுங்கள் என்று கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம். கவுன்சில் அதை ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம்.

கவுன்சிலின் பதில் எதிர்பார்த்தபடியே இருந்தது: அறிவித்தல் வாகனத்துக்கு அருகே தெளிவாக இருந்தது, தண்டம் நிற்கும். ஆனால் நல்லெண்ணமாக மறுபடியும் 80 பவுணில் கட்டப் 14 நாள் தருகிறோம். முதல் 14 நாளுக்குள் முறையிட்டால் அரைவிலையை மறுபடி கொடுப்பது கவுன்சில்களின் வழக்கம். பிந்தி முறையிட்டவருக்குக் கொடுக்க வேண்டிய தேவையில்லை. அண்ணைக்குக் கிடைத்தது சலுகைதான்.

அதனால் எங்களுக்கு முன்னால் ஒரு கணக்கு வந்தது. இப்போதே கட்டினால் 80. மேலே போய்த் தோற்றால் 160. வென்றால் பூச்சியம். அந்தத் தீர்ப்பாளர் இருக்கிற நியாயசபைக்குப் போகக் கட்டணம் இல்லை, தோற்றால் கவுன்சிலின் செலவையும் கட்டச் சொல்ல மாட்டார்கள், விதண்டாவாதமாகவோ முற்றிலும் நியாயமில்லாமலோ நடந்துகொண்டாலொழிய. ஆக, பந்தயம் 80 பவுண். பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இல்லாமல் இந்தப் பந்தயத்துக்குப் போகச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. படங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன்.

படங்கள்

டிக்கெட் எண்ணையும் காரின் பதிவெண்ணையும் கொடுத்தால் டிக்கெட் எழுதிய அதிகாரி எடுத்த படங்களைக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். அண்ணை அவற்றைப் பார்க்கவேயில்லை. பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் ஆச்சரியம். எதிர்த்தரப்பு தன் சாட்சியத்தை மேசையில் பரப்பி வைத்திருக்கிறது, அதைப் புரட்டிப் பார்க்காமலே பதில் எழுதுகிறோம்.

முதலாவது படம் காரின் முன்பக்கம், பதிவெண் தெரிகிறது. இரண்டாவது கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட். மூன்றாவது மஞ்சள் அறிவித்தல், மிக நெருக்கத்தில். அது எந்தக் கம்பத்தில், எந்த வீட்டின் முன்னால் இருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியவில்லை. நான்காவது பின்பக்கம். ஐந்தாவது, காருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று, தெருவின் நீளவாக்கில் எடுத்தது.

அறிவித்தலில் இருந்த வாசகத்தின் சாரம்: தரிப்பிடம் இடைநிறுத்தப்பட்டுள்ளது; 3 இடங்கள்; 27 முதல் 33 வரையான வீடுகளுக்கு முன்னால்; செவ்வாய் காலை 8 மணி முதல் வெள்ளி மாலை வரை; காரணம், கட்டட வேலை.

அதை இரண்டு தரம் வாசித்தேன். ஒற்றை எண் பக்கத்தில் 27 முதல் 33 என்றால் 27, 29, 31, 33, நான்கு வீடுகள். அறிவித்தல் சொல்வது மூன்று இடங்கள்.

அன்று பின்னேரம் அண்ணையும் நானும் அளவுநாடாவோடு தெருவில் இறங்கினோம். மதிலிலிருந்து மதில் ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய ஐந்து மீற்றர். நான்கு வீடு இருபது மீற்றர். ஒரு காருக்கு ஐந்து மீற்றர் என்று எடுத்தால் மூன்று இடம் பதினைந்து. மீதி ஐந்து மீற்றர், அதாவது ஒரு கார் நிற்கக்கூடிய இடம், அந்த எண்களுக்கு முன்னால் இருந்தும் இடைநிறுத்தப்படாதது. அது எந்த முனையில்? 27இன் பக்கமா, 33இன் பக்கமா? கோடு போட்ட தனித்தனி இடங்கள் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். இந்தத் தெருவில் அதுவும் இல்லை. அறிவித்தலில் அம்புக்குறியும் இல்லை. கம்பமோ 29இன் முன்னால், ஏறக்குறைய நடுவில் நிற்கிறது.

பிறகு ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அண்ணையின் காருக்கு முன்னால் தெரு வெறுமையாக இருந்தது. ஒப்பந்தக்காரர் வைத்த சிவப்பு வெள்ளைக் கோன்கள் வரிசையாகத் தூரத்திலிருந்து வந்து, காரின் முன் பம்பருக்கு அரை மீற்றர் முன்னால் நின்றன. கடைசிக் கோன் 31இன் மதில் முடிகிற இடத்தில் இருந்தது. காரின் பக்கத்திலோ பின்னாலோ கோன் இல்லை. வேலைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய பதினைந்து மீற்றரை எடுத்து, அதற்கு எல்லையும் போட்டிருக்கிறார்கள். கார் அதற்கு வெளியே நிற்கிறது. குற்றத்தைக் காட்டவென்று அதிகாரி எடுத்த படமே அதைச் சொன்னது.

அக்காவும் எட்டிப் பார்த்தா. “அப்ப எங்கட கார் ஒருத்தருக்கும் இடைஞ்சலாய் நிக்கேல்லையே” என்றா. அதற்குப் பிறகுதான் 80 பவுணைக் கட்டுவோம் என்ற பேச்சு நின்றது.

கோன் வைப்பதற்குச் சட்ட வலு கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டட ஆள் எங்கே கோன் வைத்தாலும் இடைநிறுத்தத்தின் எல்லை மாறாது. ஆனால் அறிவித்தல் இரண்டு பொருளுக்கு இடம் கொடுக்கும்போது, அந்தக் காசைக் கட்டி இடம் வாங்கியவரே அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதற்குக் கோன் ஒரு சாட்சி.

எதிர்வீட்டுக்காரர் ஒருவரும் இதற்குள் வருகிறார். மறுநாள் புதன்கிழமை, அண்ணையின் காருக்கு முன்னால் தன் சிறிய காரை நுழைத்து, பெரும்பகுதி கோன்களுக்குள் நிற்க விட்டு, அவரும் டிக்கெட் வாங்கியவர். கோபத்தில் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெருவைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அதில் கம்பம், அறிவித்தல், நான்கு வாசல்கள், கோன் வரிசை, அண்ணையின் கார் எல்லாம் ஒரே படத்துக்குள் அடங்கியிருந்தன. கவுன்சிலின் ஐந்து படங்களிலும் இல்லாத விடயம் இது. எழுதிக் கையெழுத்துப் போட்ட சிறு கூற்றோடு அந்தப் படத்தைத் தந்தார்.

அக்காவின் பெயரில்

28 நாள் கழிந்த பிறகு வாகன உரிமையாளருக்கான அறிவித்தல் வந்தது. அண்ணையின் பெயருக்கு அல்ல, அக்காவின் பெயருக்கு. வாகனப் பதிவு நிறுவனமான டிவிஎல்ஏயின் பதிவில் கார் அக்காவின் பெயரில் இருந்தது. இணையப் பக்கத்தில் எழுதும் முதல் முறையீட்டை யாரும் எழுதலாம், கவுன்சில் பதில் சொல்லும். இந்தக் கட்டத்திலிருந்து முறையிடும் உரிமை உரிமையாளருடையது. புருஷன் தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது செல்லாது என்று திரும்பி வந்து, அதற்குள் காலக்கெடு கடந்த வழக்குகள் உண்டு. அக்காவின் பெயரில் எழுதி, அவவே கையெழுத்துப் போட்டு, என்னைப் பிரதிநிதியாகக் குறித்தோம்.

இங்கே காரணங்களைச் சட்டம் வகுத்து வைத்திருக்கிறது. நமக்குப் பொருந்துவது, சொல்லப்படும் மீறல் நடக்கவில்லை என்பது. அதன் கீழ் இரண்டு வாதங்களை வைத்தோம்.

முதலாவது, அறிவித்தலின் எல்லை தெளிவில்லை. 1996ஆம் ஆண்டின் போக்குவரத்து உத்தரவு நடைமுறை விதிகளில் 18ஆவது விதி, தரிப்பிட விதிகளை வகுக்கிற அந்த உத்தரவின் விளைவைப் பற்றிய போதுமான தகவல் வீதியைப் பாவிக்கிறவர்களுக்குக் கிடைக்கிற மாதிரி அடையாளங்களை வைப்பது அதிகாரசபையின் கடமை என்கிறது. அதற்கு முந்திய விதிகளின் காலத்திலேயே, 1967இல், ஜேம்ஸ் எதிர் கேவி வழக்கில், அந்தக் கடமையை உள்ளூராட்சி செய்யாதபோது ஓட்டுநர் மீதான குற்றத்தீர்ப்பு நிற்காது என்று முடிவாகியிருக்கிறது. எல்லை எங்கே என்று சொல்லாத அறிவித்தல் போதுமான தகவல் ஆகாது. போதுமான தகவல் இல்லையென்றால் மீறல் நடக்கவில்லை.

இந்த வாதத்தை எடுக்கிறவர்கள் ஒரு எல்லையையும் அறிந்துவைத்திருக்க வேண்டும். சண்டர்லாந்து வலயம் ஒன்றைப் பற்றிய ஹெரன் வழக்கில், 2011இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் அடையாளங்களிலும் கோடுகளிலும் உள்ள அற்பக் குறைகளைக் காட்டித் தண்டத்திலிருந்து தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. எழுத்தின் அளவு, மஞ்சளின் சாயல், கோட்டில் விழுந்த வெடிப்பு, இவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். கேட்க வேண்டியது, அந்தக் குறையால் ஓட்டுநருக்கு உண்மையிலேயே விளங்காமல் போனது என்ன என்பது. நம்முடைய கேள்விக்கு நேரான பதில் இருந்தது: எந்த மூன்று இடங்கள் என்று விளங்காமல் போனது.

இரண்டாவது வாதம் அறிவித்தல் ஏறிய நாள் பற்றியது. கவுன்சிலின் பக்கத்தில், சாதாரணமாக 7 நாளுக்கு முன் அறிவித்தல் வைப்போம் என்று இருந்தது. இவர்களுடைய பதிவின்படியே வியாழன் வைத்து செவ்வாய் அமலுக்கு வந்திருக்கிறது. நடுவில் வேலைநாள் என்று பார்த்தால் வெள்ளியும் திங்களும்தான். வியாழன் வைத்தார்கள் என்பதற்கும் ஒரு வரிப் பதிவைத் தவிரப் படமில்லை. இது பலவீனமான வாதம் என்று எனக்குத் தெரியும். எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்று எல்லா இடத்துக்கும் பொதுவான எண் சட்டத்தில் இல்லை, நியாயமான அவகாசமா என்றுதான் பார்ப்பார்கள். ‘சாதாரணமாக’ என்ற சொல் கவுன்சிலுக்கு வைத்த பின்கதவு. அதோடு அண்ணை மாதக்கணக்கில் போயிருந்தால் 7 நாள் வைத்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார் என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். இருந்தாலும் விட்டுவிட மனமில்லை. கடிதத்தில் அதை இரண்டாவதாக, சுருக்கமாக வைத்தேன்.

கனடாக் கலியாணத்தை ஒரே வரியாகக் குறைத்தேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. “அதுதானே தம்பி உண்மையான காரணம்?” என்றார். உண்மைதான். ஆனால் அதைப் படிக்கிற எழுதுவினைஞர் அதற்கான ஆயத்தப் பதிலைக் கைவசம் வைத்திருப்பார். நமக்கு வேண்டியது அவரிடம் ஆயத்தப் பதில் இல்லாத கேள்வி.

கவுன்சிலுக்குப் பதில் சொல்ல 56 நாள் உண்டு, அதைத் தாண்டினால் தண்டத்தை நீக்கியே ஆக வேண்டும். அவர்கள் தாண்டவில்லை. நிராகரிப்புக் கடிதம் முதல் கடிதத்தின் உடன்பிறப்பு: அறிவித்தல் அருகே தெளிவாக இருந்தது, வாகனத்தை அடிக்கடி பார்ப்பது ஓட்டுநரின் பொறுப்பு, இடைநிறுத்தத்தின் போது பெர்மிட் செல்லாது. பெர்மிட்டைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்றா நான்கா என்ற கேள்வியைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. முறையீட்டைக் கருத்தில் எடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. அதைச் செய்யாதது நடைமுறைத் தவறு என்ற மூன்றாவது காரணத்தை அவர்களே எங்களுக்குத் தந்துவிட்டார்கள்.

நியாயசபையில்

லண்டன் பரோக்களின் தண்டங்களுக்கு மேன்முறையீடு லண்டன் நியாயசபைகளில் உள்ள சுற்றாடல், போக்குவரத்துத் தீர்ப்பாளர்களிடம். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் வேறு நியாயசபை. நிராகரிப்புக் கடிதம் கிடைத்த 28 நாளுக்குள் போக வேண்டும். கடிதத்தில் உள்ள குறியீட்டைப் போட்டு இணையத்திலேயே பதியலாம்.

ஆவணங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கேட்கலாம், அல்லது தீர்ப்பாளரோடு பேசும்படி கேட்கலாம். பேசும்படியே கேட்டோம். எல்லையைப் பற்றிய வழக்கில் படத்தைக் காட்டி, இங்கே பாருங்கள் என்று சொல்லக் கிடைப்பது பெரிய உதவி. கவுன்சில் தரப்பில் பெரும்பாலும் ஆள் வருவதில்லை, ஆவணக் கட்டை அனுப்பிவிட்டு இருப்பார்கள்.

அந்தக் கட்டு விசாரணைக்கு முன் எங்களுக்கும் வந்தது. டிக்கெட்டின் பிரதி, அதிகாரியின் குறிப்பு, படங்கள், போக்குவரத்து உத்தரவு, வழக்கின் சுருக்கம். உத்தரவை நான் எப்போதும் வாசிப்பேன், சலிப்பான வேலைதான். இடைநிறுத்தும் அதிகாரம் அதற்குள் ஒரு பிரிவாக இருக்கும். கட்டட வேலை, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குதல், குழாய், மின் இணைப்பு என்று காரணங்களை அடுக்கியிருப்பார்கள். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்கூட இடைநிறுத்தலாம் என்று லண்டன் உத்தரவுகள் பலவற்றில் இருக்கிறது. அண்ணைக்கு அதைக் காட்டினேன். “அப்ப கலியாணத்தை இஞ்சையே வைச்சிருக்கலாம்” என்றார்.

கட்டின் கடைசிப் பக்கங்களில்தான் சரக்கு இருந்தது. இடைநிறுத்தத்துக்கான உள்பதிவின் அச்சுப் பிரதி. அதில் இடம் என்ற கட்டத்தில், 29க்கு முன்னால், 3 இடங்கள், 15 மீற்றர் என்று இருந்தது. 33 என்ற எண்ணே அதில் இல்லை. 29ஐ நடுவாக வைத்துப் பதினைந்து மீற்றர் என்றால் 27, 29, 31. கோன்கள் நின்றது அதே இடத்தில். ஆனால் கவுன்சிலின் வழக்குச் சுருக்கமோ, 27 முதல் 33 வரை முழுவதும் இடைநிறுத்தப்பட்டது என்று உறுதியாகச் சொன்னது. பதிவு ஒன்று சொல்கிறது, அறிவித்தல் இன்னொன்று சொல்கிறது, சுருக்கம் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. எல்லாம் ஒரே அலுவலகத்திலிருந்து.

விசாரணை காணொளியில் நடந்தது. அக்கா மேசைக்கு முன்னால், நான் பக்கத்தில், அண்ணை கதவோரத்தில். குறுக்கே பேசக்கூடாது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். தீர்ப்பாளர் பதற்றமில்லாமல், நட்பாகவே பேசினார். முதலில் அக்காவிடம் கார் எப்போது விடப்பட்டது, யார் விட்டது என்று கேட்டார். பிறகு ஐந்தாவது படத்தையும் எதிர்வீட்டுக்காரரின் படத்தையும் திறந்து, வீட்டெண்களைச் சொல்லச் சொன்னார். நாங்கள் அளந்து கீறிய படத்தில் மதில்களின் இடைவெளிகளைக் கேட்டார். உள்பதிவின் பக்க எண்ணை நான் சொன்னபோது அவர் அதை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது தெரிந்தது.

பெர்மிட்டைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. கனடாவைப் பற்றி ஒரே கேள்வி, அதுவும் திகதியை உறுதிப்படுத்துவதற்கு.

தீர்ப்பு சில நாளில் எழுத்தில் வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது, தண்டத்தை நீக்கும்படி கவுன்சிலுக்குப் பணிப்பு. நிரூபிக்கும் பொறுப்பு கவுன்சிலுடையது, நிகழ்தகவின் சமநிலையில். அறிவித்தலில் உள்ள இட எண்ணிக்கையும் வீட்டெண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தனித்தனியாகக் கோடு போடாத தரிப்பிடத்தில் அதைப் பார்க்கிற ஒருவர் இடைநிறுத்தம் எங்கே முடிகிறது என்று அறிய வழியில்லை. கவுன்சிலின் சொந்தப் பதிவும் படமும் கார் வெளியே நின்றது என்ற பக்கமே சாய்கின்றன. முன்னறிவித்தல் போதுமா என்ற கேள்வியை அவர் தீர்க்கவில்லை, தீர்க்க வேண்டிய தேவையில்லை என்றார். ஆனால் போகிற போக்கில், நீண்ட நாள் காரை விட்டுப் போகிறவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போவதே எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருந்தார். அந்த வாதத்தை முதலாவதாக வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அந்த வரியில் தெரிகிறது. நிராகரிப்புக் கடிதம் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டார், அதன் மேல் முடிவு எதையும் கட்டவில்லை.

கோனைப் பற்றி நான் நினைத்ததைவிடக் குறைவாகவே எழுதியிருந்தார். அவரைப் பொறுத்தவரை 15 மீற்றர் என்ற அந்த உள்பதிவுதான் கனமான சாட்சி. ஆவணக் கட்டின் கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொல்லி நான் ஆட்களை ஆக்கினைப்படுத்துவது இதற்காகத்தான்.

எதிர்வீட்டுக்காரர்

தீர்ப்பு வந்த செய்தி தெருவில் பரவியதும் எதிர்வீட்டுக்காரர் வந்தார். வெள்ளைக்காரர், அண்ணையோடு பல வருடப் பழக்கம். தான் பதினான்கு நாளுக்குள் 80 பவுணைக் கட்டிவிட்டதாகவும், அதே அறிவித்தல்தானே, தன் காசும் திரும்பி வருமா என்றும் கேட்டார்.

வராது. தண்டத்தைக் கட்டினால் விவகாரம் அத்தோடு முடிந்தது என்று பொருள். கட்டிய பிறகு முறையிட வழியில்லை. ஒரு வழக்கின் தீர்ப்பு மற்ற டிக்கெட்டுகளைத் தானாக நீக்குவதும் இல்லை. அவருடைய கார் பெரும்பகுதி 31இன் முன்னால், கோன்களுக்குள் நின்றதால், முறையிட்டிருந்தாலும் ‘பகுதியாக’ என்ற சொல்லே அவருக்கு எதிராக நின்றிருக்கும். கவுன்சிலுக்கு வேண்டுகோளாக எழுதிப் பார்க்கலாம் என்று சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

33இல் இருந்து ஆட்கள் நீண்ட நாள் எங்காவது போவதென்றால், கார்ச்சாவி இப்போது அவரிடம்தான் போகிறது.